டைப்பிங் ஸ்பீடு ஏறவில்லையா? விரலைத் திட்டாதீர்கள்

திருவண்ணாமலை என்றதும் அருணாசலேஸ்வரரையும் கிரிவலத்தையும் நினைத்துக்கொண்டால் உங்கள் மேல் தப்பில்லை. நான் சொல்வது இன்னொரு திருவண்ணாமலை. விருதுநகர் மாவட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. குன்றின் மேல் ஸ்ரீநிவாசப் பெருமாள். 'தென் திருப்பதி' என்பார்கள். புரட்டாசி சனிக்கிழமைகளில் கால் வைக்க இடம் இருக்காது. மற்ற நாட்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ போவார்கள். காலேஜுக்கு, மில் ஆபீசுக்கு, அப்புறம் டைப்பிங் கிளாசுக்கு.

போன புரட்டாசியில் மலைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தால், அக்கா மகள் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். வயது 22. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். திரையில் மங்கி டைப் என்கிற டைப்பிங் பயிற்சித் தளம். சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்கள் வரிசையாக வர, அவள் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் திரையில் 48 என்று வந்தது. நிமிடத்துக்கு 48 சொல். சபாஷ் என்றேன். அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"இதுல 48 வருது மாமா. எஸ்.எஸ்.சி. பழைய பாரா எடுத்து பத்து நிமிஷம் அடிச்சா 33தான் வருது. எத்தனை மாசமா இதே கதை. எனக்கு விரல்லயே ஏதோ கோளாறா?"

மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஹெச்.எஸ்.எல். தேர்வில் கிளார்க் வேலைக்கு ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 35 சொல் அடித்தாக வேண்டும். இந்த டைப்பிங் தேர்வுக்கு மார்க் கிடையாது. ஆனால் தேறவில்லை என்றால், கஷ்டப்பட்டு எழுதிய எழுத்துத் தேர்வு மார்க் எவ்வளவு இருந்தாலும் அந்த வேலை இல்லை. 33-க்கும் 35-க்கும் நடுவில் இருக்கிற இரண்டு சொல், ஒரு வீட்டின் மாதச் சம்பளம்.

"அடி பார்ப்போம்" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கோளாறு எங்கே?

விரல் நன்றாகத்தான் ஓடியது. 'தி', 'அண்ட்', 'வித்' எல்லாம் ஒரே வீச்சில் விழுந்தன. 'கவர்ன்மென்ட்' வந்ததும் வேகம் அறுந்தது. முதல் நாலு எழுத்து அடித்தாள், கண் பாராவுக்குப் போனது, இன்னும் மூன்று எழுத்து, மறுபடி கண் பாராவுக்கு. 'ரிசீவ்' என்ற சொல்லில் 'இ' முதலா 'ஐ' முதலா என்று ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்தாள். 'அக்காமடேஷன்' வந்தபோது மூன்று தடவை போய் வந்தாள். அந்தச் சொல்லைப் பாராவில் இருந்து எழுத்து எழுத்தாகத் தூக்கி வந்து கீபோர்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் கணக்குப் போடலாம். டைப்பிங்கில் 'சொல்' என்பது உண்மையான சொல் இல்லை. இடைவெளி உட்பட 5 தடவை கீயைத் தட்டினால் ஒரு சொல் என்று வைத்துக்கொள்கிறார்கள். நிமிடத்துக்கு 35 சொல் என்றால் 175 தட்டு. மணிக்கு 10,500. எஸ்.எஸ்.சி. அறிவிப்பிலேயே இந்த எண் இருக்கும். அப்படியானால் ஒரு தட்டுக்குக் கிடைக்கும் நேரம் மூன்றில் ஒரு நொடி. நீங்கள் 2 நொடி தயங்கினால் 6 தட்டு போச்சு, அதாவது ஒரு சொல்லுக்கு மேல்.

ஒருவருடைய விரல் வேகம் 38 என்று வைத்துக்கொள்வோம். தேறுவதற்குத் தாராளமாகப் போதும். ஆனால் பத்து நிமிடப் பாராவில் 30 இடத்தில் 2 நொடி தயங்குகிறார். மொத்தம் 60 நொடி காலி. 10 நிமிடத் தேர்வை அவர் 9 நிமிடம்தான் எழுதியிருக்கிறார். வேகம் 34. ஃபெயில்.

இவருக்கு விரல் பயிற்சி கொடுத்து என்ன பயன்? அந்த 30 தயக்கத்தைப் பாதியாகக் குறைத்தால் அன்றைக்கே பாஸ்.

பாதி ஆங்கிலம் 135 சொல்லில்

பொதுவான ஆங்கிலச் சொற்களை அடித்துப் பழகுங்கள் என்று டைப்பிங் தளங்கள் எல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 10 ஃபாஸ்ட் ஃபிங்கர்ஸ், மங்கி டைப் மாதிரியான தளங்கள் அதிகம் புழங்கும் 200 சொற்களில் இருந்துதான் ஆரம்பிக்கின்றன. இது விளையாட்டுக்குச் செய்தது இல்லை.

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1960-களில் ஒரு வேலை செய்தார்கள். 1961-ல் அங்கே அச்சான செய்தி, கதை, கட்டுரை என்று பலவற்றில் இருந்து சுமார் 10 லட்சம் சொற்களைத் திரட்டி, எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று கம்ப்யூட்டரில் எண்ணினார்கள். 'தி' என்ற ஒரே சொல் மட்டும் கிட்டத்தட்ட 7 சதவீதம். வெறும் 135 சொற்களைச் சேர்த்தால் மொத்தத்தில் பாதி வந்துவிட்டது. அதாவது நீங்கள் அடிக்கப்போகும் எந்த ஆங்கிலப் பாராவிலும் ஏறக்குறைய பாதி, இரண்டு பக்க நோட்டில் எழுதிவிடக்கூடிய சொற்கள். அந்தப் பாதியை யோசிக்காமல் அடிக்க முடிந்தால், மூளை முழுவதும் மீதிப் பாதிக்குத்தானே?

இன்னொரு சந்தேகமும் பலருக்கு வரும். வாக்கியமே இல்லாமல், சம்பந்தா சம்பந்தம் இல்லாத சொற்களை அடித்துப் பழகினால் நிஜ வாக்கியத்துக்கு உதவுமா? உதவும். டைப்பிங்கை ஆராய்ந்த உளவியலாளர்கள் வெகுகாலமாகக் கண்டுவரும் ஒரு விஷயம் உண்டு. தேர்ந்த டைப்பிஸ்டுக்குச் சொற்களின் வரிசையைக் கலைத்துக் கொடுத்தாலும் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. எழுத்துகளைக் கலைத்துக் கொடுத்தால் வேகம் படுத்துவிடுகிறது. அவர்கள் கையில் இருப்பது வாக்கியமும் இல்லை, எழுத்தும் இல்லை. சொல்தான்.

இதை டைப்ரைட்டருக்கு முன்னால் தந்தியில் பார்த்துவிட்டார்கள். 1890-களின் கடைசியில் அமெரிக்காவின் இண்டியானாவில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி ஆபரேட்டர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று வாரா வாரம் அளந்தார்கள். வேகம் ஏறும், பிறகு வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும், அப்புறம் திடீரென்று மறுபடி ஏறும். நிற்கிற அந்தக் காலத்தில் என்ன நடக்கிறது? எழுத்து எழுத்தாகக் கேட்டுக்கொண்டிருந்த காது, சொல் சொல்லாகக் கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். எங்கள் பக்கத்தில் 'லோயர் பாஸ் பண்ணிட்டேன், ஹையர்ல மாட்டிக்கிட்டேன்' என்று சொல்கிற பிள்ளைகள் நிற்பது அந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு. அவர்களிடம் போய் 'இன்னும் வேகமாக அடி' என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

தமிழ் மீடியத்துக்கு இது இரண்டு மடங்கு லாபம்

இன்ஸ்டிடியூட்டில் முதல் நாள் எல்லோருக்கும் ஒரே பாடம். 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்', பிறகு 'செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே'. தாள் நிறைய அதையே அடிக்க வேண்டும். நானும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி இன்ஸ்டிடியூட்டில் அடித்திருக்கிறேன். நாற்பது மெஷின் ஒரே நேரத்தில் அடிக்கிற சத்தத்தில் மாஸ்டர் என்ன திட்டுகிறார் என்பதே கேட்காது. அதுவும் ஒரு நிம்மதி. அந்தப் பாடத்தைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எந்த விரல் எந்தக் கீக்கு என்பதை அது உடம்பில் ஏற்றிவிடுகிறது.

ஆனால் எழுத்துப் பாடம் முடிந்ததும் நேராகப் பழைய கேள்வித்தாளுக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் சொல் என்று ஒரு படி இருக்க வேண்டும். ஆங்கில மீடியத்தில் படித்த பையனுக்கு அந்தப் படி தேவைப்படாது. 'பிகாஸ்', 'த்ரூ', 'தெயர்', 'நெசசரி' எல்லாம் பத்து வருடமாகக் கண்ணில் பட்டுப் பட்டு முழுசாகப் பதிந்திருக்கும். ஒரு பார்வையில் சொல் மனசுக்குள் வந்துவிடும். தமிழ் மீடியம் பிள்ளைக்கு அதே சொல் ஒன்பது தனித்தனி எழுத்து. இருவருக்கும் விரல் ஒன்றுதான். ஆனால் வேகம் வேறு. அப்புறம் 'எனக்கு டைப்பிங் வராது' என்று அந்தப் பிள்ளை தன்னையே நொந்துகொள்கிறது.

பொதுச்சொல் பயிற்சி இங்கேதான் வேலை செய்கிறது. ஒரு சொல்லை 300 தடவை அடித்தால் விரலுக்கும் பழகுகிறது, எழுத்துக்கூட்டலும் ஏறுகிறது. ஆங்கில மீடியம் மாணவருக்கு இதில் கிடைப்பது விரல் லாபம் மட்டும். நமக்கு இரண்டும்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே சி.ஹெச்.எஸ்.எல். தேர்வை இந்தியிலும் அடிக்கலாம். அதற்கு 30 சொல் போதும். ரயில்வேயின் என்.டி.பி.சி. தேர்விலும் டைப்பிங் உள்ள வேலைகளுக்கு ஆங்கிலம் 30, இந்தி 25. தமிழுக்கு இடம் இல்லை. பாட்னாவில் இருக்கிறவர் தன் மொழியில் அடித்துத் தேறலாம். எங்கள் ஊர்ப் பெண் அடுத்தவர் மொழியில்தான் தேற வேண்டும். இதைக் கேள்வி கேட்க வேண்டியது அரசியல்வாதிகள் வேலை, கேட்கட்டும். அதுவரை பிள்ளைகள் சும்மா இருக்க முடியாதே.

ரயில்வே அறிவிப்பில் இன்னொரு வரியும் உண்டு: ஸ்பெல் செக் கிடையாது. இது போனிலேயே வாழ்கிற நமக்குத்தான் உறைக்க வேண்டும். ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகமும் வேறு இரண்டு பல்கலைக்கழகங்களும் 2019-ல் 37,000 பேரின் போன் டைப்பிங்கை அளந்தபோது சராசரி வேகம் நிமிடத்துக்கு 36 சொல் வந்தது. போனில் 36 என்பது அசத்தல். ஆனால் அந்த வேகத்துக்கு ஆட்டோகரெக்ட் நன்றாகக் கைகொடுக்கிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. தப்பாகத் தட்டுகிறோம், போன் சரி செய்துவிடுகிறது, நாம் அந்தச் சொல்லை அறிந்துகொண்டதாக நினைத்துக்கொள்கிறோம். 'யூ', 'பிகாஸ்' எல்லாவற்றையும் ஒன்றிரண்டு எழுத்தாகச் சுருக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். தேர்வு ஹாலில் அந்த உதவியாள் கிடையாது.

விரலுக்குப் பிடிக்காத சொற்கள்

எல்லாப் பொதுச்சொற்களும் விரலுக்கு ஒரே மாதிரி இல்லை. 'தி' அடிக்கும்போது இடது, வலது, இடது என்று கை மாறி மாறி வரும், சைக்கிள் பெடல் மாதிரி. அதனால்தான் அது பறக்கிறது. ஆனால் 'வேர்', 'ஆர்', 'ஆஃப்டர்' மூன்றும் முழுக்க முழுக்க இடது கைச் சொற்கள். 'யூ', 'ஒன்லி' இரண்டும் முழுக்க வலது கை. ஒரு கை வேலை செய்ய இன்னொன்று சும்மா இருக்கும்.

இன்னும் மோசம், ஒரே விரல் அடுத்தடுத்து இரண்டு கீக்குப் போவது. கடந்த காலத்துக்கு வருகிற 'இ-டி' முடிவைப் பாருங்கள். (தமிழில் எழுதினால் 'தி'யில் வரும் டியும் 'டாக்'கில் வரும் டியும் ஒன்றாகிவிடுகிறது. நான் சொல்வது 'டாக்' டி.) 'இ'யும் அந்த 'டி'யும் இரண்டுமே இடது நடுவிரலுக்குச் சொந்தம். ஒரே விரல் மேல் வரிசையில் இருந்து இறங்கி வர வேண்டும். ஆங்கிலப் பாராவில் வரிக்கு வரி இது வரும்.

'கவர்ன்மென்ட்' சொல்லில் 'என்', 'எம்' இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன, இரண்டையும் அடிப்பது வலது ஆள்காட்டி விரல். அந்த 'என்'னை முழுங்கிவிட்டு 'கவர்மென்ட்' என்று அடிக்காத ஆளை நான் பார்த்ததில்லை. வாயும் முழுங்குகிறது, விரலும் முழுங்குகிறது. அரசு வேலைக்கான தேர்வில் அரசு என்ற சொல்லிலேயே தப்பு!

இந்த மாதிரிச் சொற்களைத் தனியாக எடுத்து, வேகமே பார்க்காமல் மெதுவாக அடித்துப் பழக வேண்டும். தளம் கொடுக்கிற வரிசையில் அடித்துக்கொண்டே போனால் வராத சொல் வராமலேதான் இருக்கும்.

48 பொய்யா?

பொய் இல்லை. ஆனால் அது பட்டியலின் வேகம், உங்கள் வேகம் இல்லை. மங்கி டைப்பில் ஆரம்பத்தில் வரும் சோதனையில் பெரிய எழுத்து கிடையாது, கமா கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது, எண் கிடையாது. ஷிப்ட் கீயைத் தொடவே வேண்டாம். அதுவும் 30 நொடி, 60 நொடி. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடலாம். தேர்வில் பத்து நிமிடம். ஆறாவது நிமிடத்தில் தோள் வலிக்கும், பக்கத்துப் பையன் அடிக்கிற சத்தம் கேட்கும்.

200 சொல் பட்டியலிலேயே ஆறு மாதம் தங்கிவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். ஸ்டேட்டஸில் 80, 90 என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிறார்கள். தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது. ஆனால் பாதி ஆங்கிலம் அந்தச் சில சொற்கள் என்றால், மீதிப் பாதி என்ன? தேர்வில் உங்களை நிறுத்துவது அந்தப் பாதிதான். 'தி'யை இன்னும் வேகமாக அடிப்பதால் 'அக்காமடேஷன்' நகராது.

வேலையிலும் அப்படித்தான். ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அந்தச் சரக்கை அனுப்புகிற ஆபீசில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். இன்வாய்ஸ், குவான்டிட்டி, டெலிவரி, ரிசீப்ட், ஜி.எஸ்.டி. எண், தேதி, தொகை. பொதுச்சொல் பட்டியலில் இதில் ஒன்றுகூட இல்லை. மேல் வரிசை எண்களைப் பார்க்காமல் அடிக்கத் தெரியாதவருக்கு அங்கே 90 வேகம் இருந்தும் உபயோகம் இல்லை.

மெஷினா, கம்ப்யூட்டரா?

தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வருடத்துக்கு இரண்டு முறை டைப்ரைட்டிங் தேர்வு நடத்துகிறது. ஆங்கிலம் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 டைப்பிஸ்ட் வேலைக்கு தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர், அல்லது ஒன்றில் ஹையர், மற்றதில் லோயர் வேண்டும். இந்தச் சான்றிதழை நம்பித்தான் சின்ன ஊர்களில் இன்ஸ்டிடியூட்டுகள் உயிரோடு இருக்கின்றன. இந்தியாவில் டைப்ரைட்டரை 1955-ல் செய்யத் தொடங்கிய கோத்ரெஜ், 2011-க்குள் அதை நிறுத்தியே விட்டது. உதிரி பாகத்துக்குப் பழைய மெஷினைக் கழற்றுகிறார்கள்.

டைப்ரைட்டரில் பழகியவர்களுக்கு ஒரு வரம் உண்டு. அடித்தது அடித்ததுதான், அழிக்க முடியாது. அதனால் தப்பு பண்ணாமல் அடிக்கிற ஒழுக்கம் வந்துவிடுகிறது. கம்ப்யூட்டரில் மட்டும் பழகியவர்களுக்குப் பேக்ஸ்பேஸ் ஒரு கெட்ட பழக்கமாக ஒட்டிக்கொள்கிறது. ஒரு தப்பைக் கவனிப்பதற்குள் மூன்று எழுத்து தாண்டியிருப்போம். மூன்றையும் அழித்து மறுபடி அடித்தால் ஆறு தட்டு. ஒரு சொல்லுக்கு மேல் போச்சு. தயக்கத்துக்குப் போட்ட அதே கணக்கு.

மறுபக்கம், மெஷினில் ஓங்கி அடித்த விரல் கம்ப்யூட்டரில் தேவைக்கு மேல் உழைக்கிறது. ஆல்டோவினர் 2018-ல் 1,68,000 பேரின் கீபோர்டு டைப்பிங்கை இணையம் வழியாகப் பதிவு செய்தபோது சராசரி வேகம் 52 வந்தது. அதிவேகக்காரர்களிடம் ஒரு பொதுப் பழக்கம் தெரிந்தது. ஒரு கீயில் இருந்து விரலை எடுப்பதற்கு முன்பே அடுத்த கீயை அமுக்கிவிடுகிறார்கள். டைப்ரைட்டரில் அப்படிச் செய்தால் இரண்டு கம்பியும் மோதிச் சிக்கிக்கொள்ளும். இன்ஸ்டிடியூட் பழக்கத்தோடு கம்ப்யூட்டர் தேர்வுக்குப் போகிறவர்கள் இதைத் தனியாகப் பழக வேண்டியிருக்கிறது. பழக எளிய வழியும் பொதுச்சொல்தான். 'தி' மாதிரி கை மாறி வரும் சொற்களில்தான் இந்த உருட்டல் முதலில் வரும்.

என் கருத்து இதுதான். இன்ஸ்டிடியூட்டுகள் மூட வேண்டியவை இல்லை, நடுவில் ஒரு படி சேர்க்க வேண்டியவை. எழுத்துப் பாடம் முடிந்ததும் ஒரு மாதம் 200 சொல், அடுத்த மாதம் 1,000 சொல், அதன் பிறகு கேள்வித்தாள். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு அச்சிட்ட பட்டியலும் போதும். தமிழ் மீடியம் பிள்ளைகள் அதிகம் வருகிற ஊர்களில் இதைச் செய்யாமல் இருப்பது அவர்கள் கட்டுகிற பீஸுக்குச் செய்கிற நியாயம் இல்லை.

(தமிழ் டைப்பிங்குக்கு இந்தப் பட்டியல் வித்தை அப்படியே பொருந்தாது. 'வீடு' என்று பழகினால் 'வீட்டிலிருந்துகூட' என்று வந்து நிற்கும். தமிழில் சொல்லைவிட 'க்கு', 'இலிருந்து', 'கொண்டிருந்தார்' போன்ற முடிவுகளைப் பழகுவது பலன் தரும். அது தனிக் கட்டுரை.)

அக்கா மகளுக்கு என்ன சொன்னேன்?

முதல் இரண்டு வாரம் வேகம் காட்டும் எண்ணை மறைத்துவிடச் சொன்னேன். 200 சொல், தினம் 15 நிமிடம், தப்பு நூற்றுக்கு மூன்றுக்குள். தப்பு கூடினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், பேக்ஸ்பேஸைத் தேடக் கூடாது. கீபோர்டைப் பார்க்கக் கூடாது. (அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நன்றாக டைப் செய்பவர்களிடம் வெற்றுக் கீபோர்டு படத்தைக் கொடுத்து எழுத்துகளை நிரப்பச் சொன்னார்கள். 26-ல் சராசரியாக 15-தான் சரியாக வந்ததாம். விரலுக்குத் தெரிவது நமக்குத் தெரிய வேண்டியதில்லை.)

அதன் பிறகு 1,000 சொல் பட்டியல், பெரிய எழுத்தும் குறிகளும் எண்ணும் வருகிற மாதிரி செட்டிங்ஸை மாற்றிவிட்டு. வேகம் 48-ல் இருந்து சரேலென்று இறங்கும், பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். இறங்கியது. 36. அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை என்று அக்கா போனில் என்னைத் திட்டினாள்.

மூன்றாவது விஷயம் எந்தத் தளத்திலும் கிடைக்காது, நாமே செய்ய வேண்டும். பழைய தேர்வுப் பாராக்கள் பத்தை எடுத்து, அடிக்கும்போது கண் இரண்டாவது தடவை திரும்பிப் போன சொல்லை எல்லாம் பென்சிலால் வட்டம் போட வேண்டும். அவள் போட்டதில் 64 சொல் தேறியது. டெவலப்மென்ட், அட்மினிஸ்ட்ரேஷன், நெசசரி, ரெஸ்பான்சிபிலிட்டி, என்விரான்மென்ட் இப்படி. அதுதான் அவளுடைய சொந்தப் பட்டியல். அதை மங்கி டைப்பிலேயே ஒட்டிக்கொள்ள வசதி இருக்கிறது. தினம் பத்து நிமிடம், ஒவ்வொரு சொல்லும் மூன்று தடவை மெதுவாக, இரண்டு தடவை வேகமாக. நிஜப் பாரா வாரத்துக்கு இரண்டே தடவை, முழு பத்து நிமிடம், நடுவில் நிறுத்தாமல். வேலை பார்த்துக்கொண்டு பழகுகிறவர்கள் பட்டியலைத் தங்கள் மெயிலில் இருந்து எடுக்கலாம். கடைசியாக அனுப்பிய இருபது மெயிலைத் திறந்தால் போதும், எந்தச் சொல்லில் போன் உங்களைக் காப்பாற்றுகிறது என்று தெரிந்துவிடும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். பாராவில் 39 வருகிறதாம். பால்கோவா வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே ஒரு பாரா அடித்துக் காட்டினாள். 64 சொல்லில் மூன்று மட்டும் பட்டியலில் மிச்சம். அதில் ஒன்று 'அக்காமடேஷன்'. இரண்டு 'சி', இரண்டு 'எம்' என்று சுவரில் பேப்பர் ஒட்டி வைத்திருக்கிறாள். அன்றைக்கும் ஒரு 'எம்'தான் விழுந்தது.